எட்டு மணித்தியாலம்: வென்றதும் தோற்றதும்

மே தினம் வந்தால் எங்கட பக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே போஸ்டர்தான். எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு, எட்டு மணித்தியாலம் எங்களுக்கு. கீழே "போராடிப் பெற்ற உரிமை" எண்டு ஒரு வரி. நாங்களும் பகிர்ந்திருக்கிறோம், மறைக்கவில்லை. இப்போது எங்களுக்கு அந்தப் "பெற்ற" என்ற சொல்லில்தான் பிரச்சினை. காணி உறுதி மாதிரி ஒருமுறை எழுதி வாங்கிவிட்டால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கதை தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அவர்களுக்கு, பதினெட்டு வருடத்துக்குள் அதே எட்டு ஒருமுறை வெற்றியாகவும் ஒருமுறை தோல்வியாகவும் வந்தது.

வெற்றியாக வந்தது 1908இல். லிபரல் அரசு கொண்டுவந்த சட்டம், நிலத்துக்குக் கீழே வேலை செய்பவர்களின் நாளை எட்டு மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தியது. வளர்ந்த ஆண் எவ்வளவு நேரம் உழைக்கிறான் என்பது அவனுக்கும் முதலாளிக்கும் இடையிலான விசயம், சட்டம் அதில் கைவைக்கக்கூடாது என்று சொல்லிப் பழகிய பாராளுமன்றத்தில் இது சின்ன மாற்றமில்லை. இதை லிபரல்களின் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெருந்தன்மை ஒண்டும் இல்லை. சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் 1889இல் உருவான காலத்திலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1906 தேர்தலில் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் 29 பேர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் லிபரல்களுக்குக் காது நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

கேட்டதும் அரைகுறையாகத்தான். தொழிலாளர் கேட்டது, கூண்டில் ஏறிக் கீழே இறங்கத் தொடங்குவதிலிருந்து மேலே வந்து வெளிச்சம் காணும்வரை எட்டு. சட்டம் எண்ணியதோ, அந்த ஷிப்டின் கடைசி ஆள் மேலேயிருந்து இறங்கியதிலிருந்து முதல் ஆள் திரும்பி வரும்வரை. நூற்றுக்கணக்கான ஆக்களைக் கூண்டு கூண்டாக இறக்குகிற நேரம் யாருடைய கணக்கில்? தொழிலாளியின் கணக்கில். போதாததற்கு, வருடத்தில் 60 நாட்கள் ஒரு மணித்தியாலம் கூட்டியும் வேலை வாங்கலாம் என்று ஒரு பிரிவு. எட்டு என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே கடிகாரத்தைத் திருகுகிற வேலை அது.

ஆனால் முதலாளியையும் பாராளுமன்றத்தையும் மட்டும் திட்டிவிட்டு நாங்கள் தப்பிவிட முடியாது. இந்தச் சட்டத்தை வருடக்கணக்காக எதிர்த்தவர்களில் டர்ஹம், நோதம்பர்லண்ட் மாவட்டங்களின் சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தோமஸ் பேர்ட். தானே பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், பாராளுமன்றத்துக்குள் போன முதல் தொழிலாளர்களில் ஒருவர். வளர்ந்த ஆண்கள் சங்கப் பலத்தால் வெல்லவேண்டியதைச் சட்டத்திடம் போய்க் கேட்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்களில் சிலருக்கும் முதலில் வாசித்தபோது புல்லரித்தது.

பிறகு கணக்கைப் பார்த்தோம். அந்த மாவட்டங்களில் நிலக்கரி வெட்டுகிற ஆண்களின் ஷிப்ட் ஏற்கெனவே ஏழு மணித்தியாலம் அளவில்தான். ஒரு நாளுக்கு வெட்டுகிறவர்களின் ஷிப்ட் இரண்டு. அந்த இரண்டுக்கும் கரி வண்டிகளை இழுத்துக் கொடுத்தது ஒரே ஒரு ஷிப்ட் பெடியள், பத்து மணித்தியாலம். சட்டம் பெடியளுக்கும் எட்டு என்றால் இந்த ஏற்பாடு உடையும். அதைத்தான் சங்கம் காப்பாற்றப் பார்த்தது. அப்பனின் ஏழு, மகனின் பத்தில் நின்றது.

சட்டம் அங்கே 1910 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சுரங்க உரிமையாளர்கள் டர்ஹமில் மூன்று ஷிப்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. கோபம் நியாயமானதுதான். சுரங்க வாசலில் குளிக்கிற வசதி இல்லாத காலம். புருசன் ஒரு ஷிப்ட், மூத்தவன் ஒரு ஷிப்ட், இளையவன் இன்னொன்று என்றால், தண்ணி கொதிக்க வைப்பதும் சமைப்பதும் கரி படிந்த உடுப்பைத் தோய்ப்பதும் இரவு பகலாக ஓயாது. அந்த வீட்டுப் பெண்ணின் வேலைநாளுக்கு எட்டு எங்கே? போஸ்டரில் "எங்களுக்கு" என்று எழுதுகிறபோது அந்த "எங்கள்" யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

1919இல் எட்டு ஏழானது. அந்த வருடத் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் வாரம் 40 மணித்தியாலம் கேட்டு வேலைநிறுத்தம். ஜோர்ஜ் சதுக்கத்தில் பொலிஸ் தடியடி, பிறகு நகருக்குள் இராணுவமும் டாங்கிகளும். சுரங்கத் தொழிலாளரும் நாடு முழுக்க நிறுத்தப்போகிறோம் என்று நின்றார்கள். லொயிட் ஜோர்ஜ் அரசு சாங்கி ஆணைக்குழுவை அமைத்தது, ஏழு மணித்தியாலச் சட்டம் வந்தது. அதே வருடம் வொஷிங்டனில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு, தொழிற்துறையில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்ற முதல் சமவாயத்தை நிறைவேற்றியது. பிரித்தானியா இன்றுவரை அதை ஏற்றுறுதி செய்யவில்லை. பாராளுமன்றங்களின் தாய் எண்டு இந்த நாட்டைத்தான் சொல்லுகினம்!

அந்தத் தாயின் ஆட்சியில் இருந்த இலங்கையின் நிலையையும் ஒரு கணம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்புவதைப் பிரித்தானியா தன் மண்ணில் 1875இல் நிறுத்திவிட்டது. மலையகத் தோட்டங்களில் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது 1920களின் தொடக்கம் வரை நடந்தது. அங்கே எத்தனை மணித்தியாலம் என்ற வாக்குவாதம். இங்கே வேலையை விட்டுப் போகலாமா என்பதே வழக்கு.

இனி அந்த இரண்டாவது எட்டு. 1925இல் சேர்ச்சில் நிதி அமைச்சராக இருந்து பவுணைப் போருக்கு முந்திய மதிப்பில் தங்கத்தோடு கட்டினார். பிரித்தானிய நிலக்கரி வெளிநாட்டில் விலை கூடியது. நட்டத்தை யார் தாங்குவது? சம்பளத்தைக் குறை, நேரத்தைக் கூட்டு என்றார்கள் உரிமையாளர்கள். ஒரு பென்னியும் குறையாது, ஒரு நிமிடமும் கூடாது என்றது சங்கம். அரசே நியமித்த சாமுவேல் ஆணைக்குழு சம்பளக் குறைப்புக்குத் தலையாட்டியது, ஆனால் நேரத்தைக் கூட்டுவது சரிவராது என்றது. விற்கமுடியாமல் கிடக்கிற கரிக்கு மேலே இன்னும் கரியைத் தோண்டி என்ன செய்வது? 1926 மே மாதம் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர் கதவடைப்பில் வெளியே. அவர்களுக்காக நடந்த பொது வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒன்பது நாளில், ஒரு உத்தரவாதமும் வாங்காமல், கைவிட்டது. யூலையில் போல்ட்வின் அரசு ஏழு மணித்தியாலச் சட்டத்தைத் தளர்த்தி எட்டை அனுமதித்தது. சுரங்கத் தொழிலாளர் தனித்து நின்றார்கள், கிட்டத்தட்ட ஏழு மாதம். கடைசியில் பசிதான் அவர்களைக் கீழே இறக்கியது.

1908இல் அதே எட்டுக்காகப் பாராளுமன்றத்தில் எழுந்து பேசியவர்களில் சேர்ச்சிலும் ஒருவர். 1926இல் அவர் எட்டைத் திரும்பக் கொண்டுவந்த அமைச்சரவையில் இருந்தார். ஆளும் மாறவில்லை, இலக்கமும் மாறவில்லை. 1930இல் சிறுபான்மைத் தொழிற்கட்சி அரசு அதை ஏழரையாக்கியது. 1919இல் வென்ற அந்த மிச்ச அரை மணித்தியாலம் உரிமையாளர்களிடமே இருந்தது.