கையொப்பமில்லா எழுத்து

2023ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்னும் விஞ்ஞானப் புனைகதை இதழ் புதிய கதைகளைப் பெற்றுக்கொள்வதை நிறுத்திற்று. அம்மாதத்தில் அதுவரை வந்தவற்றுள் 500க்கு மேற்பட்டவை செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை எனக் கண்டு ஆசிரியர் நீல் கிளார்க் அவற்றைத் தள்ள நேர்ந்தது. அனுப்பியோருக்குக் கதையின்மேல் காதல் ஏதுமில்லை. சொல்லுக்கு இத்தனை சதம் என்று அவ்விதழ் கொடுக்கும் சன்மானத்தின்மேல்தான் காதல். அவர்களுடைய பேராசைக்குத் தண்டம் இறுத்தவர்களோ இரவில் விழித்திருந்து உண்மையாகவே எழுதியவர்கள். அடுத்த மாதம் கதவு மீண்டும் திறக்கப்படும்வரை அவர்களும் வெளியே நின்றனர்.

அது சிறியதோர் இதழ். வாயிலைக் காக்க ஓர் ஆசிரியர் இருந்தார். காவலரே இல்லாத பெருஞ்சந்தையில் நடந்தது என்ன? அமேசன் கம்பனியின் தளத்தில் எவரும் தம் நூலைத் தாமே ஏற்றி விற்கலாம். பதிப்பகங்களின் படிக்கட்டில் கால்கடுக்க நின்ற எழுத்தாளனுக்கு அது பெரியதொரு விடுதலை என்பதை நாம் மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் மின்னூல்களுக்கும் அங்கே இடம் கிடைத்தபோது நம்மவர் மகிழ்ந்ததில் நியாயமுண்டு. ஆனால் அதே வாயில் வழியாக 2023இல், காட்டுக் காளான்களை இனங்காண வழிகாட்டும் நூல்கள் என்ற பெயரில் இயந்திர எழுத்து வந்து புகுந்தது. நச்சுக் காளானையும் உண்ணத்தக்க காளானையும் பிரித்தறிவது உயிரோடு விளையாடும் காரியம். அறியப்பட்ட ஆசிரியர்களின் நூல்களை மட்டுமே வாங்குங்கள் என்று நியூயோர்க் காளானியற் சங்கம் பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அத்தகைய நூலை நம்பி ஒரு குடும்பம் நஞ்சுண்டால் யார்மீது வழக்குத் தொடுப்பது? அட்டையில் உள்ள பெயருக்கு உரிய ஆள் உண்டா என்பதே ஐயம்.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நேர்ந்தது இதனினும் விசித்திரமானது. பதிப்புத்துறை பற்றி எழுதிவரும் ஜேன் ஃபிரீட்மன் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாம் எழுதாத நூல்கள் சில தம் பெயரில் விற்பனையாவதைக் கண்டார். அவற்றை நீக்கும்படி முறையிட்டபோது கம்பனி அவரிடம் கேட்டது வணிகக் குறியின் பதிவிலக்கத்தை! தாய் தந்தையர் இட்ட பெயரை வணிகக் குறியாகப் பதிவுசெய்து வைத்திருப்போர் எத்தனை பேர்? விடயம் பகிரங்கமாகிப் பலரும் பேசிய பின்னரே அந்நூல்கள் நீங்கின. அவர் பேச இடமுள்ளவர், தப்பினார். பருத்தித்துறையிலோ பதுளையிலோ இருந்து ஒரேயொரு கவிதைத் தொகுதி வெளியிட்டவருக்கு இது நேர்ந்தால் அவருடைய குரல் எத்தனை தூரம் கேட்கும்?

செப்டெம்பரில் கம்பனி இரண்டு விதிகளை அறிவித்தது. ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றலாகாது என்பது ஒன்று. ஆண்டொன்றுக்கு 1,095 நூல்கள் எழுதவல்ல புலவனைக் கம்பனி எங்கே கண்டதோ நாம் அறியோம். மற்றைய விதியே நம் கவனத்துக்குரியது. நூலின் உரை இயந்திரம் ஆக்கியதாயின், ஏற்றுபவர் அதனைக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். நல்லது. ஆனால் அவ்வறிவித்தலை வாங்குவோருக்குக் காட்டும் கடமையைக் கம்பனி தனக்கு விதித்துக்கொள்ளவில்லை. சரக்கைக் கொடுத்தவன் அறிவான். விலையிற் பங்கு பெறும் கடைக்காரன் அறிவான். காசு கொடுப்பவன் மட்டும் அறியலாகாது! நுகர்வோரை மயக்கும் வணிக நடத்தையை இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. தேங்காயெண்ணெய்க்கு ஒரு நீதி, நூலுக்கு வேறொரு நீதி என்று அச்சட்டத்தில் எழுதப்படவில்லை.

இயந்திரத்தைத் தொடுவதே பாவம் என்று நாம் வாதிக்கவில்லை. 2023 ஜூன் மாதம் நியூயோர்க்கில் தீர்ப்பான மாட்டா எதிர் அவியாங்கா வழக்கை நம் சட்டத்தரணி நண்பர்கள் படித்தல் நன்று. விமானக் கம்பனி ஒன்றுக்கு எதிரான அவ்வழக்கில், எந்த நீதிமன்றமும் வழங்காத, இயந்திரம் கற்பித்துக் கொடுத்த தீர்ப்புகள் மேற்கோளாகக் காட்டப்பட்டன. ஆக்கியவர் ஒருவர், சரிபாராது ஒப்பமிட்டவர் வேறொருவர். இருவரும் தப்பவில்லை, 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நம்பத்தக்க இயந்திரத்தின் உதவியை நாடுவதில் இயல்பாகவே குற்றமேதும் இல்லை என்று நீதிபதி கஸ்டெல் தம் தீர்ப்பிற் சொன்னதையும் கவனிக்க வேண்டும். இயந்திரத்தை அவர் கூண்டில் ஏற்றவில்லை. தாளின் அடியிலிருந்த பெயரைப் பிடித்தார்.

2025 மே மாதத்தில் ‘சிக்காகோ சன்-ரைம்ஸ்’ பத்திரிகையின் இணைப்பில் வெளியான கோடைகால வாசிப்புப் பட்டியலில், 15 நூல்களில் 10 நூல்கள் உலகில் இல்லாதவை. வெளியார் தயாரித்துக் கொடுத்த இணைப்பு, எவரும் சரிபார்க்கவில்லை. வெட்கக்கேடுதான். எனினும் வாசகர் சென்று கேட்க ஓர் இடம் இருந்தது. பத்திரிகை பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

இயந்திர எழுத்தை மோப்பம் பிடிக்க மற்றோர் இயந்திரத்தை ஏவலாம் என்பாரும் உளர். வேண்டாம். ஓப்பன் ஏஐ நிறுவனமே தான் ஆக்கிய அத்தகைய கருவியை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் எழுதிய கட்டுரைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை சராசரியாக இயந்திர எழுத்தென்று பிழையாகக் குறித்தன. பிறமொழியில் எளிய சொற்களால் எழுதுபவன் இயந்திரமாகிவிடுகிறான்! அரச கருமங்களுக்குப் பிறர் மொழியில் விண்ணப்பம் எழுதியே பழக்கப்பட்ட ஓரினம் இத்தகைய நீதிபதிகளை நம்பலாகாது.

அரசாங்கத்தின் கையில் பிரம்பைக் கொடுப்பதும் நமக்கு உடன்பாடன்று. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்க்கூற்று எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தபோது, இந்நாட்டில் எழுதுவோர் அஞ்சியதற்குக் காரணங்கள் இருந்தன. எது உண்மை என்று அரசு சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னவர் யார் என்பதை விற்பவர் மறைக்கலாகாது என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தின் 50ஆம் உறுப்புரை இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பொதுநலன் சார்ந்த விடயங்களை மக்களுக்கு அறிவிக்க வெளியிடப்படும் இயந்திர எழுத்து, அத்தகையதென்று வெளிப்படுத்தப்படல் வேண்டும். மனிதர் பரிசீலித்து, ஒருவர் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தால் விலக்குண்டு. விலக்கு எதற்கு அளிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள்: பொறுப்பேற்கும் பெயருக்கு. ஆயினும் காளான் நூலை அந்த உறுப்புரை பிடிக்குமா என்பதில் நமக்குச் சந்தேகமே.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. அமேசனும் அதைப்போன்ற ஏனைய தளங்களும், தாம் பெற்ற அறிவித்தலை நூலின் விலைக்குப் பக்கத்திலேயே வாசகருக்குக் காட்டட்டும். ஒருவர் தம் பெயர் களவாடப்பட்டதென்று முறையிட்டால், பதிவிலக்கம் கேட்பதை விடுத்து, நூலை ஏற்றியவரிடம் கணக்குக் கேட்கட்டும்.

இவ்விதழுக்கு எழுதும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மொழிபெயர்க்கவோ பிழை திருத்தவோ இயந்திரத்தை நாடியிருந்தால், கட்டுரையின் தலைப்பில் அதைக் குறித்தனுப்புங்கள். அதன் பொருட்டு எதையும் தள்ளமாட்டோம். புனைபெயரில் எழுதலாம், ஆயின் சொந்தப் பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அச்சம் காரணமாகப் பெயர் மறைப்பவர்களின் முகவரி இக்காரியாலயத்தை விட்டு வெளியே போகாது.