ஆராயப்படுவோர் ஆராய்வோராவது எப்போது?

தேயிலைச் செடியை ஆராய்வதற்கென இந்நாட்டில் 1925ஆம் ஆண்டிலேயே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் இயங்குகின்றது. செடியைப் பற்றும் நோய், மண்ணின் தன்மை, கொழுந்தின் தரம் யாவும் அங்கு நுணுகி ஆராயப்படுகின்றன. அச்செடியை நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்த மக்களைப் பற்றிய ஆய்வுகளும் இல்லாமலில்லை. நகரங்களிலிருந்தும் கடல் கடந்தும் ஆய்வாளர் வந்தனர். லயத்து வாசலில் அமர்ந்து வினாக்கொத்தை நிரப்பினர். திரும்பிச் சென்று கலாநிதிகளாயினர். விடையளித்தோரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் வினாக்களை அமைக்கும் நிலையை எய்தினர்? மலையகத்திலிருந்து எழுந்த ஆய்வாளர் உளர். ஆயின் அவர்கள் தத்தம் விடாமுயற்சியால் உயர்ந்தவர்களேயன்றி, நாம் அமைத்துக் கொடுத்த பாதையில் நடந்து சென்றவர்களல்லர்.

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு என்பதை எவரும் மறுக்கவியலாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. குடியுரிமையற்றவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? கடவுச்சீட்டு அற்றவனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏது? எனினும், நாடற்ற நிலையைத் தீர்க்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. அதன் பின் பிறந்தோரே இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். பழைய அநீதியை மறத்தல் ஆகாது. ஆனால் அதனையே இன்றைய நமது அசட்டைக்குப் போர்வையாக்குதலும் ஆகாது.

பல்கலைக்கழகத்தின் முதல் வாயிலில் நுவரெலியா மாவட்டத்து மாணவனுக்குச் சிறிது துணையுண்டு. மாவட்ட ஒதுக்கீடு உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனி ஒதுக்கீடும் உண்டு. பட்டப்பின் கல்வியின் வாயிலிலோ அத்தகைய துணை எதுவும் இல்லை. அங்கு கேட்கப்படுவன வேறு: ஆய்வு முன்மொழிவு, மொழித் தேர்ச்சி, நம்மை அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். இவை ஒரே இரவில் விளைவன அல்ல. நான்கு ஆண்டுகள் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருந்துவிட்டு, இறுதி வாரத்தில் விரிவுரையாளரின் கதவைத் தட்டும் மாணவனைப் பற்றி அவர் எதனைத்தான் எழுதுவார்?

நமது பிழை ஒன்று உண்டு. பட்டம் பெற்றதும், எந்த நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் செய்கின்றதோ அதற்கே விண்ணப்பிக்கின்றோம். வார இறுதியில் நடக்கின்றதா, பதவி உயர்வுக்கு உதவுமா என்பனவே நாம் கேட்கும் கேள்விகள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டுமான முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வுக் கூறுடைய முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வேறுபாட்டை அறியாது பணத்தையும் ஈராண்டுகளையும் செலவிட்டபின், ஆய்வுத்துறை தமக்கு மூடப்பட்டிருப்பதாக வருந்துவோர் பலர்.

தெரிவு என்பது எங்ஙனம் அமைய வேண்டும் என்பதற்கு நம் புலமை மரபிலேயே சான்றுண்டு. பேராதனையில் தமிழ் பயின்ற கைலாசபதி, 1960களில் பேர்மிங்ஹாம் சென்றது அங்கே தமிழ்த்துறை இருந்தமையால் அன்று. சங்கச் செய்யுளை வீரயுகப் பாடலாக நோக்கலாமா என்ற வினா அவரிடம் இருந்தது. அவ்வினாவுக்கு உரிய ஆசான் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராயச் சிவத்தம்பியும் அதே ஆசானையே நாடினார். முதலில் வினா, பின் வழிகாட்டி, அதன்பின் நிறுவனம் என்பதே சரியான வரிசை. நாமோ நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, வினாவே இன்றி முடிக்கின்றோம்.

“லயத்தில் கடன் காத்திருக்கின்றது, அடகு வைத்த தோடு மீளவில்லை. ஆய்வு நமக்கு ஆடம்பரம்” என்பர் சிலர். இக்கூற்று எள்ளத்தக்கதன்று. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதே ஒரு நெடும் போராட்டத்தின் பின்னர்தான். ஆயின் இவ்வாதம் பட்டப்பின் கல்வியெல்லாம் கைப்பணத்தால் பெறுவது என்ற தவறான எண்ணத்தின் மீது நிற்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு அனுமதி பெறுவோர் பலருக்குக் கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளர் ஊதியமும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை கற்கைக் கட்டணம் பெறுவதில்லை. எனினும் அங்கு வாழ்க்கைச் செலவுக்கு வழி காண வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்தியப் பண்பாட்டு உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் என்பனவும் உள. உண்மையில், பணமற்றவனுக்கே முன்னாயத்தம் மிகுதியும் தேவை. வசதி படைத்தவன் ஒருமுறை தவறினும் மறுமுறை கட்டணம் செலுத்துவான். தொழிலாளியின் மகளுக்கு அந்த மறுமுறை எளிதில் வாய்ப்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆவணி, புரட்டாதியில் தொடங்கும் கல்விக்கு முந்திய மார்கழி, தை மாதங்களிலேயே விண்ணப்பம் முடிவடைகின்றது. எனவே இறுதியாண்டுத் தேர்வு முடிந்தபின் சிந்திப்போம் என்போர் ஓராண்டை இழந்தே தொடங்குகின்றனர். மூன்றாம் ஆண்டிலேயே தத்தம் வினாவை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அத்துறையில் எழுதுவோரின் கட்டுரைகளைத் தேடிப் படித்தல் வேண்டும்.

விரிவுரையாளருக்கும் இங்குப் பொறுப்புண்டு. வீட்டில் பட்டதாரி ஒருவரும் இல்லாத மாணவிக்கு இவ்விவரங்களைத் தாயோ தந்தையோ சொல்லித்தர இயலாது. அவற்றைத் தாம் அறிந்திருந்தும் நெருங்கிய சிலருக்கு மட்டுமே கூறுதல், அறிவைச் சொத்தாகப் பூட்டிவைத்தலாகும். நம் சங்கங்கள் கலைவிழாவுக்கு ஒதுக்கும் உழைப்பில் ஒரு பங்கினை, முன்மொழிவு எழுதும் பயிற்சிக்கு ஒதுக்குதல் இயலாததா?

மலையகத்தின் இருநூறு ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டன. இனிவரும் காலத்தின் வரலாற்றை எழுதுவோர் யார்? லயத்து வாசலுக்கு வினாக்கொத்துடன் வரும் அடுத்த ஆய்வாளர், அதே லயத்தில் பிறந்தவராகவும் இருத்தல் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இவ்வாண்டே எழுதத் தொடங்குவோம்.