பெயரை மாற்றுகிறவர்களைத் திட்டாதீர்கள்

போன வாரம் லேபில் நண்பன் ஒருவன் ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னான். "இந்த டாக்ஸானமிக்காரங்களுக்கு வேற வேலையே இல்லடா. போன வருஷம் படிச்ச பேரு இந்த வருஷம் செல்லாதாம். இது என்ன ரூபா நோட்டா?" எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரித்தது தப்பு என்று பட்டது. பெயர்கள் மாறுவதைப் பற்றி நாம் புலம்புகிறோம். உண்மையில் புலம்ப வேண்டியது, மாற வேண்டிய பல பெயர்கள் இன்னும் மாறாமல் கிடக்கின்றன என்பதற்காக! அடிக்க வராதீர்கள், விளக்குகிறேன் :-)

அன்று எங்கள் தட்டில் இருந்தது ஒரு செதில் புழு. தெரியாதவர்களுக்கு: மண்புழுவின் தூரத்துச் சொந்தம், கடலில் வாழ்வது. பாறை இடுக்கிலும் சிப்பிக் கூட்டத்திலும் பவளத்திலும் இருக்கும். முதுகில் இரண்டு வரிசையாகச் செதில்கள், ஓடு வேய்ந்த கூரை மாதிரி. வட கடல்களில் பேர்போன ஒரு செதில் புழுவுக்கு ஹார்மோதோ இம்ப்ரிகேட்டா என்று பெயர். இம்ப்ரிகேட்டா என்றால் லத்தீனில் ஓடு வேய்ந்தது என்றுதான் அர்த்தம். தாய்ப் புழு முட்டைகளை அந்தக் கூரைக்கு அடியிலேயே வைத்துக் காக்கும்.

இந்தப் புழுவுக்கு 1767-ல் லின்னேயஸ் வைத்த பெயர் ஹார்மோதோ அல்ல, அஃப்ரோடிட்டா இம்ப்ரிகேட்டா. கிரேக்கக் காதல் தேவதையின் பெயர். 1758-லேயே அவர் அஃப்ரோடிட்டா என்று ஒரு பேரினத்தை உண்டாக்கியிருந்தார். உடம்பெல்லாம் மயிர் போர்த்திய, இங்கிலீஷ்காரர்கள் 'கடல் எலி' என்று சொல்கிற குண்டுப் புழுவும் அதில்தான் இருந்தது. பன்னிரண்டு ஜோடிச் செதில் உள்ள ஸ்குவாமேட்டாவும் அதில்தான். செதில் இருக்கிறதா, போடு அதே பையில்!

1856-ல் கின்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் அந்தப் பையைப் பிரித்தார். யூஜீனி என்ற கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். பாலிநோயிடே, சிகாலியோனிடே என்று இன்று நாம் படிக்கும் குடும்பப் பெயர்களும் ஹார்மோதோ என்ற பேரினமும் அவர் வைத்தவை. "லின்னேயஸ் வெச்ச பேரை நீ யாருய்யா மாத்த?" என்று அன்றைக்கே யாராவது அவரைத் தடுத்திருந்தால், இன்றைக்கும் நாம் ஒரே சாக்குப் பையைத்தான் துழாவிக்கொண்டிருப்போம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நோட்டில் 'ஹார்மோதோ இம்ப்ரிகேட்டா (லின்னேயஸ், 1767)' என்று அடைப்புக்குறி போட்டு எழுதச் சொல்கிறார்களே, ஏன் என்று என்றைக்காவது கேட்டோமா? அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம் இருக்கிறது: இந்த இனத்தை முதலில் விவரித்தவர் லின்னேயஸ், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் அது இப்போது இல்லை. குடிமாறியதற்கான ரசீது அது. அழகுக்காகப் போடுவது என்று நினைத்து நம்மில் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம், மார்க் குறைந்தால் மட்டும் திட்டுகிறோம்.

சரி, செதிலை எண்ணிப் பெயர் சொல்லிவிடலாமே என்பீர்கள். ஓரளவுக்கு முடியும். லெபிடோனோட்டஸ் என்றால் 12 ஜோடி, ஹார்மோதோ என்றால் 15, ஹாலோசிட்னா என்றால் 18. ஆனால் தொட்டாலே செதிலை உதிர்த்துவிட்டு ஓடுகிற புழுக்கள் இவை. பல இனங்களில் உதிர்ந்த செதில் இருட்டில் ஒளிவிடும். துரத்தி வந்தவன் அதைக் கவ்விக்கொண்டிருக்க, புழு தப்பிவிடும். அப்புறம் புதுச் செதில் முளைத்துக்கொள்ளும். ஸ்பிரிட் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மொட்டை முதுகுதான். செதில் ஒட்டியிருந்த மேடுகளை லென்ஸ் வைத்துத் தேடித்தான் எண்ண வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி பிசியோனே. கடல் மணல் துகள்களுக்கு நடுவே வாழும் நூல் போன்ற புழு. மருந்துக்குக்கூட ஒரு செதில் கிடையாது. அதனால் 1901-ல் அதற்கென்று தனிக் குடும்பமே ஏற்படுத்தினார்கள். மரபணு வரிசைகளை வைத்து 2005-லும் 2012-லும் வந்த ஆய்வுகள் என்ன சொல்லின தெரியுமா? இது செதில் புழுக் கூட்டத்துக்கு உள்ளே, சிகாலியோனிடே பக்கத்தில் கிளைத்தது; முன்னோருக்கு இருந்த செதிலை இழந்துவிட்டது. இப்போது சிகாலியோனிடே குடும்பத்திலேயே வைத்துவிட்டார்கள். செதில் இல்லாத செதில் புழு! 'செதில் இருந்தால் செதில் புழு' என்று மனப்பாடம் செய்தவனுக்கு இது குழப்பம். உறவைத் தேடுகிறவனுக்கு இதுதான் விடை.

பிரிப்பது மட்டும்தான் மாற்றம் என்றும் நினைக்காதீர்கள். ஸ்மித்சோனியனில் வாழ்நாளெல்லாம் செதில் புழுக்களைப் பார்த்த மரியன் பெட்டிபோன் அம்மையார், 1980-களில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்தவற்றுக்குப் பல துணைக்குடும்பங்களை உண்டாக்கினார். பின்னால் வந்த டி.என்.ஏ ஆய்வுகள் அவற்றில் பலவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லின. இதில் அவருக்கு என்ன அவமானம்? எதைப் பார்த்துப் பிரித்தேன் என்று அவர் வரைந்தும் எழுதியும் வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் சரிபார்க்க முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாறாத பெயரால் என்ன கேடு?

கனடாவின் மூன்று பெருங்கடல் கரைகளிலும் எடுத்த 1,876 பாலிகீட் புழுக்களின் டி.என்.ஏ-வை ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. செதில் புழுக்களும் சேர்ந்த பெரிய கூட்டம்தான் பாலிகீட். ஒரே இனம் என்று நம்பியிருந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்கு, உள்ளுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி வம்சங்களாக இருந்தன. கால் பங்கு! பார்க்க ஒன்று போல இருந்ததால் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருந்தன.

நம் பக்கம் வாருங்கள். இந்தியக் கடல் பாலிகீட்டுகளுக்கு நாம் இன்றும் புரட்டுகிற புத்தகம் பிரெஞ்சுக்காரர் ஃபாவெல் எழுதியது, 1953-ல் வந்தது. மகத்தான உழைப்பு, மறுக்கவில்லை. 1930-லேயே சென்னை அருங்காட்சியகத்தின் புழுக்களைப் பற்றியும் எழுதியவர். ஆனால் ஓர் இனம் உலகக் கடல்கள் எங்கும் பரவியிருக்கும் என்று தாராளமாக நம்பிய காலம் அது. ஐரோப்பாவில் விவரித்த பெயர் இங்கே உள்ள புழுவுக்கும் சுலபமாக ஒட்டிக்கொண்டது. செதில் புழுவின் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனைப் பாருங்கள். மார்ஃபைசா சாங்குவினியா, 1813-ல் இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து விவரிக்கப்பட்ட புழு. உலகமெல்லாம் அதே பெயரில் பட்டியலிட்டார்கள். 2003-ல் டெவன் புழுவையே மறுபடி உட்கார்ந்து ஒழுங்காக விவரித்த பிறகுதான், மற்ற ஊர்ப் புழுக்கள் வேறு என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தென்னிந்தியாவிலிருந்தே 2020-ல் மார்ஃபைசா மட்ராசி என்று ஒரு புது இனம் விவரிக்கப்பட்டது.

இதனால் யாருக்கு என்ன? ஒரு துறைமுகம் ஆழப்படுத்தப் போகிறார்கள், ஒரு கழிவுநீர்க் குழாய் கடலில் விடப் போகிறார்கள் என்று வையுங்கள். அடிமண்ணை அள்ளி, அதில் என்னென்ன புழு என்று பட்டியல் போடுவார்கள். 'உலகமெங்கும் உள்ள இனம்' என்று எழுதிவிட்டால் அதோடு கதை முடிந்தது. இங்கே செத்தால் என்ன, வேறெங்கோ இருக்கும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று இனங்கள் ஒளிந்திருந்து, அதில் ஒன்று அந்த விரிகுடாவில் மட்டும் வாழ்வதாக இருந்தால்? அது அழிந்த பிறகும் பட்டியலில் எண்ணிக்கை குறையாது. பெயரே இல்லாதவன் காணாமல் போனால் யார் போய்ப் புகார் கொடுப்பது?

2020-ல் ஆழ்கடல் செதில் புழு ஒன்றுக்கு எல்விஸ் பிரஸ்லியின் பெயரை வைத்தார்கள், செதில் அவர் உடுப்பு மாதிரி ஜொலிக்கிறது என்று. நானும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பினேன். அதே கட்டுரையில் இன்னும் மூன்று புது இனங்கள் இருந்தன. அவற்றின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பெயர் வைப்பதை வேடிக்கை பார்க்கப் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வேலைதான் நமக்கு 'வேற வேலை இல்லாத' வேலை.

எனவே நண்பா, அடுத்த முறை புழு தெரியவில்லை என்றால் புத்தகத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஐரோப்பியப் பெயரை எழுதி வைக்காதே. 'ஹார்மோதோ, இனம் உறுதியில்லை' என்று எழுது. எங்கே, எந்தத் தேதியில், என்ன ஆழத்தில் எடுத்தது என்று எழுது. புழுவைத் தூக்கி எறியாதே. ஒரு மார்க் போனால் போகட்டும், ஒரு பொய்த் தகவலாவது குறையும்.

அப்புறம் அந்த ரூபாய் நோட்டு. செல்லாத நோட்டை மாற்றக் கடைசித் தேதி உண்டு, வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். பழைய பெயருக்குக் கடைசித் தேதியே கிடையாது. 1767-ல் அச்சான பெயரைக் கொண்டுபோய்க் கடல் உயிரினப் பதிவேட்டில் தேடினாலும், 'இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது' என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நோட்டை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கிறவர்களையா நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்?