டாஸ்மாக்குக்கு வழக்கு, மாத்திரைக்கு மௌனம்

2020 மே 8 அன்று டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, 15ஆம் தேதி தடையாணை வாங்கி, மறுநாளே கடையைத் திறந்தது. அதே கொரோனா ஊரடங்கில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு 72 மணி நேரத்துக்குள் ஒரு அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்குமா என்று எந்த அதிகாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரை எடுத்துக்கொள்வோம். வெற்றிலைக்குப் பேர்போன சின்னப் பேரூராட்சி. மெடிக்கல் ஷாப்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். சுகாதார செவிலியர் வாசலில் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். சாதாரண நாளில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனால் யாருக்கும் தெரியாது. இளம்வயதினருக்கு இருந்த அந்தரங்கமே அந்த பஸ்தான். மார்ச் 24 மாலையோடு அதுவும் நின்றது. நடந்தே போயிருக்கலாமே என்பீர்களா? கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் மாண்டது இதே மாவட்டத்தின் சாத்தான்குளத்தில். மாவட்டம் தாண்ட வேண்டுமென்றால் இ-பாஸ்: சாவுக்கு, கல்யாணத்துக்கு, மருத்துவ அவசரத்துக்கு. இந்த அவசரத்தை எந்தப் பெண் எழுதிக் கொடுப்பாள்?

இனப்பெருக்க நலச் சேவைகள் அத்தியாவசியமானவை என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 14 அன்று எழுதிவிட்டது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் அதற்கு முன், சானிட்டரி நாப்கினும் அத்தியாவசியப் பொருள்தான் என்று உள்துறை தெளிவுபடுத்தவே மார்ச் 29 ஆயிற்று. தமிழகத்தின் இலவச நாப்கின் மாணவிகளுக்குப் பள்ளி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது; பள்ளிகளோ பூட்டிக் கிடந்தன. மார்ச் 25 தொடங்கி மூன்று மாதங்களில் நாடெங்கும் 18.5 லட்சம் கருக்கலைப்புகள் தடைபட்டிருக்கும் என்று ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் மதிப்பிட்டது. அவ்வளவு பெண்களும் பிறகு யாரிடம் போனார்கள்?

எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிட முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாகவே அரிது. தடை உத்தரவு கிடையாது. ஆனால் கேட்டால் 'ஸ்டாக் இல்லை'. ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் அரசின் கோழைத்தனம் இது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

திருமணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் சம உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. இந்த இரண்டையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த பேரிடருக்கான மாவட்டத் திட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்கென ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். மாத்திரைக்கோ சட்டமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. இருப்பு வைக்கச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதை இந்த மாதமே அனுப்புங்கள்.