முதுமையும் உலர்ந்த வாயும்

சென்ற மாதம் உறவினர் வீடொன்றில் இராப் போசனத்திற்கு அமர்ந்திருந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் புட்டில் ஒரு வாய் உண்டதும் கோப்பையைத் தள்ளிவிட்டார். "மாமாவுக்கு வரவர வீம்பு கூடிப்போச்சு" என்றாள் மருமகள். "வீம்பில்லைப் பிள்ளை, வாய் காய்ஞ்சு கிடக்கு. இறங்குதில்லை" என்றார் அவர்.

எமது வாயில் மூன்று சோடிப் பெருஞ் சுரப்பிகளும் எண்ணற்ற சிறு சுரப்பிகளும் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. உணவைக் குழைத்து விழுங்கச் செய்வதும், நாவிற்குச் சுவையை உணர்த்துவதும், பல்லை அமிலத்தினின்று காப்பதும் அதுவே. அது குன்றினால் பல்லின் வேர் சொத்தையாகும். நாவில் வெண்பூஞ்சணம் படரும். கட்டுப்பல் ஈறைப் புண்ணாக்கும்.

இதனை மூப்பின் இயல்பென்று நாம் விட்டுவிடுகின்றோம். வயதுடன் சுரப்பிகள் சற்றுத் தளர்வது உண்மையே. ஆயினும், முதியோரின் வாய் வறள்வதற்குப் பெரும்பாலும் காரணமாவன அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளே. குருதியமுக்கத்திற்கும், சிறுநீர்த் தொல்லைக்கும், மனச் சோர்வுக்கும், ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படுபவற்றுட் பல உமிழ்நீரைக் குறைப்பன. கட்டுப்படாத சலரோகமும் வாயை உலர்த்தும்.

பெரியவரின் குளிகைகள் ஒரு பிஸ்கற் பேணியில் இருந்தன. மூன்று வைத்தியர்கள் வெவ்வேறு காலத்திற் கொடுத்தவை. ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியார். எப்போதோ தடிமனுக்குக் கொடுத்த குளோர்பெனிரமீன் குளிகையை அவர் நாள் தவறாமல் விழுங்கி வந்தார்! பேணியோடு வைத்தியரிடம் செல்லும்படி கூறினோம். தாமாக எதனையும் நிறுத்துதல் ஆபத்து.

வீட்டில் செய்யத்தக்கனவும் உள. அடிக்கடி சிறிது சிறிதாக நீர் அருந்தலாம். உணவைச் சொதியில் நனைத்து உண்ணலாம். சீனியற்ற சூயிங்கம் மெல்லலாம். வறட்சி தீர இனிப்பு ரொபி சூப்புவது பல்லுக்குக் கேடு. மதுசாரம் கலந்த வாய்கழுவு நீர் வறட்சியை மிகுவிக்கும். புளோரைட் சேர்ந்த பற்பசையால் பல் துலக்குவதும், இரவிற் கட்டுப்பல்லைக் கழற்றி நீரில் இடுவதும் அவசியம். செயற்கை உமிழ்நீரும் மருந்துச் சாலைகளிற் கிடைக்கின்றது.

வெற்றிலை போட்டால் வாய் ஊறுமே என்பர் பாட்டிமார். ஊறும், பாக்கிலுள்ள அரிக்கோலின் செய்யும் வேலை அது. ஆனால் பாக்கு புற்றுநோயை விளைவிப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. ஆதலின் அவ்வழி வேண்டா.

புற்றுநோய்க்குக் கழுத்திற் கதிர்ச் சிகிச்சை பெற்றோரின் நிலை வேறு. அங்கே சுரப்பியே சிதைந்திருக்கும். பிரேசில் நாட்டு ஜபொராண்டிச் செடியின் இலையிலிருந்து பெற்ற பைலோகார்பின் என்ற மருந்தை இவர்களுக்கென 1994 இல் அமெரிக்கா அங்கீகரித்தது. எஞ்சிய சுரப்பியை அது தூண்டும், வியர்வையும் பெருகும். கட்டுப்படாத ஆஸ்துமா உடையோர்க்கு ஆகாது.

சென்ற ஞாயிறு மீண்டும் அவ்வீட்டிற்குப் போனோம். பேணியில் இரண்டு மருந்துகள் குறைந்திருந்தன. பெரியவர் புட்டின் மேல் சொதியைத் தாராளமாக ஊற்றிக்கொண்டார். கோப்பை வெறுமையாகுமுன் மருமகள் இன்னும் ஒரு குழல் புட்டை எடுத்து வந்தாள்.