அனோடைசிங் முலாம் அன்று: ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் விலை

ஒரு சொல்லைச் சற்றுப் பிசகாக மொழிபெயர்த்துவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டுவரை நானும் ஏறத்தாழ அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மொழியியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் ஆண்டைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது வெட்கத்திற்குரியது. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளி. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் இருக்கிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், இயந்திரத்தின் மீது ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வாழும் பகுதி இது. என் தாய்மாமா இங்கே ஒரு சிறு சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறார். வேலை பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வரும். பம்பு உதிரிபாகங்கள், நெசவு இயந்திர உறுப்புகள், அனைத்தும் எஃகு. டிராயிங் ஆங்கிலத்தில் வரும். இயந்திரம் ஓட்டுபவர்கள் தமிழில் படித்தவர்கள் என்பதால், டிராயிங்கின் கீழுள்ள குறிப்புகளைத் தமிழில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டுவது பட்டறையின் வழக்கம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வேலை என்னுடையது.

சென்ற ஆண்டு முதன்முறையாக அலுமினிய வேலை ஒன்று வந்தது. 6061 உலோகக் கலவையில் 60 பேரிங் உறைகள். உள்ளே அமர வேண்டியது 6204 பேரிங். அதன் வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். துளையின் அளவு 47.000-க்கும் 47.025-க்கும் இடையில் நிற்க வேண்டும். டிராயிங்கின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: கடின அனோடைசிங், 50 மைக்ரான், அளவுகள் அனைத்தும் பூச்சுக்குப் பிறகு. அதை நான் இப்படித் தமிழாக்கினேன்: “50 மைக்ரான் கடின முலாம் பூசப்படும். குறிப்பிட்ட அளவுகள் முலாமுக்குப் பிந்தையவை.”

இயந்திரம் ஓட்டிய தம்பி கெட்டிக்காரர். எஃகுத் தண்டுகளுக்கு நிக்கல் முலாமும் குரோம் முலாமும் போட்டுப் பழகியவர். முலாம் 50 மைக்ரான் என்றால் துளையின் ஒவ்வொரு சுவரிலும் 50 மைக்ரான் ஏறும். எதிரெதிர்ச் சுவர்களைச் சேர்த்தால் விட்டம் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் குறையும். முடிவில் 47.010 வர வேண்டுமெனில் இப்போது 47.110-க்குக் கடைய வேண்டும். நான் எழுதிய வாக்கியத்தின்படி அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. 60 உறைகளும் கோயம்புத்தூருக்குப் போய், கரிய சாம்பல் நிறத்தில் அழகாகத் திரும்பி வந்தன. அளந்தால் துளை 47.060. பேரிங் உள்ளே போனதும் சுழன்றது. அத்தனையும் கழிவு.

ஏன் இப்படி ஆயிற்று? அனோடைசிங் முலாம் அன்று என்பதே காரணம்.

முலாம் என்பது வெளியிலிருந்து வந்து அமர்வது. வேறொரு உலோகம் பொருளின் மேல் படிகிறது. அடியிலுள்ள உலோகம் இருந்தபடியே இருக்கிறது. நம் பாட்டிமார்களின் பித்தளைப் பாத்திரங்களுக்குத் தெருவிலேயே ஈயம் பூசினார்களே, அதன் இயல்பும் இதுதான். அனோடைசிங் வேறு. கந்தக அமிலக் கரைசலில் அலுமினியத்தை மூழ்கவைத்து, மின்சாரத்தின் நேர்முனையோடு இணைக்கிறார்கள். கரைசலிலிருந்து வரும் ஆக்சிஜன் அலுமினியத்தோடு சேர்கிறது. மேற்பரப்பிலுள்ள உலோகமே அலுமினிய ஆக்சைடாக மாறுகிறது. அங்கே எதுவும் பூசப்படுவதில்லை. உலோகம் தன் தோலைத் தானே வளர்த்துக்கொள்கிறது. காற்றுபட்ட அலுமினியத்தின் மேல் எப்போதும் சில நானோமீட்டர் கனத்தில் இப்படியொரு தோல் உண்டு. அதை ஆயிரக்கணக்கான மடங்கு தடிக்க வைப்பதுதான் இந்தத் தொழில்.

உலோகமே ஆக்சைடாக மாறுவதால் தோலின் ஒரு பகுதி பழைய மேற்பரப்புக்கு உள்ளேயும், மற்றொரு பகுதி வெளியேயும் நிற்கும். சாதாரணக் கந்தக அமில முறையில் சுமார் 20 டிகிரி வெப்பநிலையில் 5 முதல் 25 மைக்ரான் வரை வளர்ப்பார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே. கரைசலைச் சுழி டிகிரிக்கு அருகே குளிரவைத்து, கூடுதல் மின்னோட்டம் செலுத்திச் செய்யும் கடின முறையில் ஏறத்தாழப் பாதி உள்ளே, பாதி வெளியே. ஆகவே 50 மைக்ரான் தோலில் வெளியே எழுவது 25 மட்டுமே. துளையின் விட்டம் குறைந்தது 0.05, நாங்கள் ஒதுக்கியது 0.10. மீதமிருந்த 0.05-தான் பேரிங்கைச் சுழலவிட்டது.

தோலை உரித்துவிட்டு மறுபடி செய்யலாமே என்று மாமா கேட்டார். உரித்தால் உள்ளே போன பாதியும் சேர்ந்து போய்விடும், துளை 47.160 ஆகும். முலாம் என்றால் உரித்தபின் பழைய அளவு மிஞ்சும். இதில் மிஞ்சாது. இந்த ஒரு வேறுபாடே இரண்டும் வெவ்வேறு வினைகள் என்பதற்குப் போதுமான சான்று.

முதலில் பழி அனோடைசிங் செய்த இடத்தின் மேல் விழுந்தது. அவர்கள் தோலின் கனத்தை அளந்து காட்டினார்கள். சரியாக 50 இருந்தது. அடுத்ததாகப் பழி இயந்திரம் ஓட்டிய தம்பியின் மேல் விழுந்தது. மாதச் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு எழுந்தபோதுதான் ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்து. “மாமா, பிழை அவருடையது இல்லை, என்னுடையது” என்றேன். மாமா சற்று நேரம் பேசவில்லை. “படிச்சவன் எழுதுனா சரியா இருக்கும்னுதானே மாப்பிள்ளை உங்கிட்டக் குடுத்தேன்” என்றார். சம்பளம் பிடிக்கப்படவில்லை. அந்த வாடிக்கையாளர் மறுபடி வரவுமில்லை.

இனி, இதில் மொழி பற்றி நான் சொல்ல விரும்புவது.

நான் ஏன் ‘முலாம்’ என்று எழுதினேன்? ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத மனம் ஒப்பவில்லை. பழகிய தமிழ்ச் சொல் ஒன்று கைக்கு அருகில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் ‘முலாம்’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்த சொல். ஒரு கடன்சொல்லைத் தவிர்க்க இன்னொரு கடன்சொல்லைத் தமிழென்று நம்பி இட்டிருக்கிறேன். ஆனால் பிழை அதன் பிறப்பில் இல்லை, பொருளில் இருக்கிறது. மின்முலாம் பூசும் தொட்டியில் நம் பொருள் எதிர்முனையில் தொங்கும். அனோடைசிங் தொட்டியில் நேர்முனையில் தொங்கும். இரண்டும் நேரெதிரான வினைகள்.

இந்த வேறுபாடு ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, 1834-இல் தமக்கு வேண்டிய புதுச் சொற்களுக்காகக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லிடம் ஆலோசனை கேட்டார். அப்படிப் பிறந்தவையே அனோடு, கேதோடு என்னும் சொற்கள். அனோடு என்பதன் கிரேக்க வேர் ‘மேலே செல்லும் வழி’ என்று பொருள்படும். ஃபாரடே அதைக் கதிரவன் எழும் திசையோடு ஒப்பிட்டு விளக்கினார். ஒரு சொல்லுக்காக ஓர் இயற்பியலாளர் ஒரு மொழியறிஞரை நாடிய காலம் அது. அனோடைசிங் என்றால் பொருளை அனோடாக ஆக்குதல். பெயரே செய்முறையைச் சொல்கிறது. நான் அந்தப் பெயரை அழித்துவிட்டு, எதிர்ப்பொருள் தரும் பெயரை எழுதியிருக்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘நேர்மின்வாயாக்கம்’ என்று எழுதலாமே என்பார்கள். பொருள் பொருந்துகிறது; எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல் பட்டறையில் வழங்கவில்லை. பட்டறையில் வழங்குவது ‘அனோடைசிங்’ என்பதே. வழங்கும் கடன்சொல்லை வைத்துக்கொண்டு, அதன் உள்ளே நடப்பதைத் தெளிந்த தமிழில் விளக்குவதே முதற்பணி என்று கருதுகிறேன். பெயர் பிறகு வரலாம். புரிதல் முதலில் வர வேண்டும்.

விளக்கத்திற்குத் தமிழில் வளமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்கச் செம்பிலுள்ள களிம்பையும் நெல்லிலுள்ள உமியையும் எடுத்துக்காட்டுகிறது. இரண்டும் வெளியிலிருந்து ஒட்டியவை அல்ல, உடன் இருப்பவை என்பது அங்கே கருத்து. அனோடைசிங் தோலை விளக்க இதைவிட நல்ல உவமை வேண்டுமா? செம்பின் களிம்பு மாசு. அலுமினியத்தின் களிம்பு காப்பு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நெல் விளையும் சித்தூர் வட்டத்தில் எந்தத் தொழிலாளிக்கும், உமி தானியத்தோடு வளர்வது, அரிசியின் மேல் பூசப்படுவதன்று என்று சொன்னால் அக்கணமே விளங்கும். அந்தத் தம்பிக்குப் பின்னர் அப்படித்தான் விளக்கினேன். “அப்ப பாதி உள்ள போகும்னு எழுதியிருக்கலாமே அண்ணா” என்றார். எழுதியிருக்கலாம்.

‘டிராயிங்கைப் படிக்கத் தெரிந்தால் போதும், தமிழ் எதற்கு’ என்பவர்களுக்கும் ஒரு சொல். இந்தப் பகுதியில் பள்ளிப்படிப்பைத் தமிழில் முடித்த பிள்ளைகள், தொழிற்கல்விக்குப் போனதும் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கேட்கிறார்கள். வேலைக்குப் போனதும் கோயம்புத்தூர்த் தமிழில் கற்கிறார்கள். கைக்குத் தெரிவது கருத்தாகத் தெரிவதில்லை. சாயம் ஏன் இறங்குகிறது என்று கேட்டால், தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதும், சாயம் அவற்றில் புகுவதும், பின்னர் கொதிநீரில் இட்டால் ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்துத் துளைகளை அடைப்பதும் சொல்லப்படுவதில்லை. கொதிநீர்த் தொட்டியில் நேரத்தைக் குறைத்தால் நிறம் ஏன் மங்குகிறது என்பது அப்போது விளங்காத புதிராகவே நின்றுவிடும்.

ஊர் மக்களுக்கும் இந்தச் சொல்லாராய்ச்சி தேவை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 12 தொழில் நகரங்களுள் பாலக்காடும் ஒன்று. உலோக மேற்பரப்புத் தொழில்கள் நம் பக்கம் வந்தால் வியப்பதற்கில்லை. இதே சித்தூர் வட்டத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000 முதல் 2004 வரை இயங்கிய குளிர்பான ஆலையும், கெட்டுப்போன கிணறுகளும் எவருக்கும் மறக்கவில்லை. நாளை ஓர் அனோடைசிங் ஆலை வருமானால், அதை முலாம் ஆலை என்று நினைத்து ‘சயனைடு உண்டா?’ என்று கேட்போம். ‘இல்லை’ என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்க வேண்டியவை வேறு: ஒவ்வொரு தொட்டிக்குப் பிறகும் அலசுவதற்கு எவ்வளவு நீர் எடுப்பீர்கள்? அமிலமும் காரமும் கலந்த அலசுநீர் எங்கே போகும்? சமன்படுத்தியபின் சேரும் அலுமினிய ஹைட்ராக்சைடுச் சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? துளையடைக்க வெறும் கொதிநீரா, நிக்கல் உப்பா? கந்தக அமிலமா, குரோமிக் அமிலமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். குரோமிக் அமிலத்திலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. சரியான பெயர் தெரிந்தால்தான் சரியான கேள்வி பிறக்கும்.

சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு, என் பிழையிலிருந்து ஒரு வேண்டுகோள். அனோடைசிங் வேலைக்குக் குறிப்பு எழுதும்போது இவற்றை விடாதீர்கள்: எந்த உலோகக் கலவை (சிலிக்கான் 10 விழுக்காட்டுக்கு மேலுள்ள எல்எம்6 போன்ற வார்ப்புகளில் தோல் மங்கிச் சாம்பல் பூக்கும்), சாதாரண முறையா, கடின முறையா, மொத்தக் கனம் எவ்வளவு, அதில் வெளியே எழுவது எவ்வளவு, அளவுகள் முன்னையவையா, பின்னையவையா, எந்த மரைத் துளைகளை அடைத்து மறைக்க வேண்டும் (60 டிகிரி மரையில் இடைவிட்ட மாற்றம், ஒரு முகத்தில் எழுவதைப்போல் நான்கு மடங்கு), தொட்டியில் தொங்கவிடும் கொக்கி எங்கே தொடலாம் (அங்கே தழும்பு நிற்கும்), எர்த் கம்பி இணைக்கும் இடம் உண்டா (தோல் மின்சாரத்தைக் கடத்தாது). ஐயம் வந்தால், 60-ஐயும் கடைவதற்கு முன் ஒன்றே ஒன்றைக் கடைந்து, தோல் வளர்த்து, அளந்து பாருங்கள்.

என் துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலைச்சொல்லாக்கத்தை நாம் அறையில் அமர்ந்து, அகராதியை வைத்துச் செய்கிறோம். சொல் பிழையானால் நமக்கு மறுப்புக் கட்டுரை ஒன்று வரும்; அங்கே ஒருவருடைய சம்பளம் போகும். ஆகவே, இந்தப் பகுதியின் பட்டறைச் சொற்களைத் தொழிலாளர்களிடமே கேட்டுத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லைக்கு இருபுறமும் பட்டறைகளில் இருக்கும் நண்பர்கள், நீங்கள் வழங்கும் சொற்களையும் அவை குறிக்கும் வேலையையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு விளக்கத்தையும் எழுதியபின் முதலில் அந்தத் தம்பியிடம்தான் காட்டுகிறேன். அவருக்கு விளங்காததை வெளியிடுவதில்லை.