சோழவரத்தில் ஓடியது, நொய்டாவில் நின்றது

ஃபார்முலா ஒன் உலகத் தொடரின் இந்திய கிராண்ட் பிரி கார் பந்தயம் மூன்றே முறைதான் நடந்தது: 2011, 2012, 2013. மூன்றிலும் வென்றவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். மூன்றாவது வெற்றியின்போது தன் நான்காவது உலகப் பட்டத்தையும் அங்கேயே உறுதிசெய்துகொண்டார். கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த புத்தா பந்தயத் தளத்தை ஓட்டுநர்கள் மெச்சினார்கள். ஆனாலும் 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. அதன் பிறகு அந்தப் பந்தயம் திரும்பவே இல்லை.

வரிதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கார் பந்தயம் விளையாட்டா, கேளிக்கையா என்ற கேள்வி அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றத்திலும் இழுபட்டது. அணிகள் கொண்டுவரும் கார்களுக்கும் கருவிகளுக்கும் சுங்க வரிச் சிக்கல், நுழைவுச்சீட்டுக்குக் கேளிக்கை வரிச் சிக்கல். பந்தயத்தை நடத்தும் வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கு இங்கே வரி கட்டியாக வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது பந்தயம் நின்று நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

ஆனால், வரியைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நொய்டாவை விட்டுச் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தக் கான்கிரீட் தளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன; இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். புதிய பந்தயக் கார் இறக்குமதி செய்வது எட்டாக்கனியாக இருந்த காலம். வீட்டுக்கு ஓட்டிப்போகும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தீட்டிக் களத்தில் இறக்கினார்கள். வெயிலில் நின்று பார்த்த கூட்டத்துக்கு ஓட்டுகிறவர் யார், அவர் வண்டியைத் தயார்செய்த மெக்கானிக் யார் என்பதெல்லாம் தெரியும்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான். அங்கே 1948இல் கிராண்ட் பிரி நடந்தது. 1950இல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயமும் அங்கேதான். அன்றிலிருந்து பிரிட்டிஷ் கிராண்ட் பிரி ஓர் ஆண்டும் தவறியதில்லை. இடையில் ஐன்ட்ரீ, பிராண்ட்ஸ் ஹேட்ச் தளங்களுக்கு மாறி மாறிப் போனாலும் நின்றுபோகவில்லை. இன்று சில்வர்ஸ்டோன் தளம் பந்தய வீரர்களின் கழகத்துக்கே சொந்தம்.

சென்னைக் கழகமும் இதே வழியில் யோசித்ததுதான் வியப்பு. சோழவரம் ஓடுதளம் அதற்குச் சொந்தமில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, தனக்கென்று பந்தயத் தளம் அமைத்து 1990இல் திறந்தது. ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து இப்படி ஒரு தளத்தை எழுப்பியதை இந்திய விளையாட்டு வரலாறு இன்னும் உரிய அளவில் கொண்டாடவில்லை.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் செய்தது இன்னொரு பெரிய காரியம். மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவுக்குப் போக வசதியில்லாத இளைஞருக்கும் உண்மையான பந்தயக் காரில் உட்கார வாய்ப்புக் கிடைத்தது. அந்தக் காரில் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காவது இடம் பெற்றார். டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகி, ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது. ஆனாலும் ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற ஒரே இந்திய ஓட்டுநர் இன்றும் அவரே. 1995இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் இதைப் பார்க்கவில்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நொய்டாவில் இந்த அடித்தளம் இல்லை. பெரும் பணத்தில் தளம் எழுந்தது, உலக நட்சத்திரங்கள் வந்தார்கள், மூன்று நாள் ஆரவாரம், பிறகு வெறிச்சோடல். அந்த மேடையில் ஏற அடுத்த கார்த்திகேயனை உருவாக்கும் வேலையை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை. 2023இல் அதே தளத்துக்கு மோட்டோ ஜிபி பைக் பந்தயம் வந்தது. அடுத்த ஆண்டு அதுவும் நடக்கவில்லை.

2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தைத் தமிழக அரசே முன்னெடுத்தது. அந்த அக்கறை வரவேற்கத் தக்கது. அதே அக்கறை இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிபாளையத்துக்கும் செல்ல வேண்டும். பந்தய டயருக்கும் உதிரிபாகத்துக்கும் வரிச் சலுகை வேண்டும். திறமையுள்ள ஏழை வீட்டுப் பிள்ளை கார்ட்டிங் பழக உதவித்தொகை வேண்டும். மெக்கானிக் பயிற்சிக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இடம் வேண்டும். இந்தியாவுக்கு ஃபார்முலா ஒன்னை மறுபடி கொண்டுவர யார் முன்வந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அரசு அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஆண்டின் மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் ஓட்ட எத்தனை நாள் ஒதுக்குவீர்கள், என்ன கட்டணம் கேட்பீர்கள்?